உறுதி வேறு, அகந்தை வேறு: கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் வாழ்வு தரும் பாடம்

 

எந்த ஊர்ப் பள்ளிவாசலானாலும், ஜமாஅத் நிர்வாகத்தின் முன் வரும் குடும்ப வழக்குகள் பெரும்பாலும் ஒரே வகையின. கணவன் மனைவி மனத்தாங்கல், அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை, சம்பந்திகளுக்கிடையே வருத்தம் என அவை வருகின்றன. சற்று ஆழ்ந்து விசாரித்தால், பணமும் நிலமும் பின்னுக்குப் போய்விடும். வலீமா விருந்துக்கு முறைப்படி வந்து அழைக்கவில்லை, சபையில் தம்மைக் கேளாமல் முடிவு செய்துவிட்டார்கள், மன்னிப்புக் கேட்காமல் படியேற மாட்டேன் என்ற சொற்களே முன்னுக்கு வரும். இரு தரப்பாரும் தாம் விட்டுக்கொடுக்க மறுப்பதைத் தன்மானம் என்றே சொல்வார்கள். எதிர்த்தரப்பார் மறுப்பதை அகந்தை என்பார்கள்.

இருவருள் யார் சொல்வது சரி? தன்மீது நம்பிக்கை கொண்டு உறுதியாக நிற்பவரும், அகந்தையால் பிடிவாதம் பிடிப்பவரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பார்கள். இருவரும் தலை குனிய மாட்டார்கள். தம் சொல்லை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் முன்னவரால் குடும்பமும் சமுதாயமும் நிலைபெறுகின்றன, பின்னவரால் உடைகின்றன. இந்த வேறுபாட்டை விளக்க நம் பகுதியினருக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தெற்கே சென்றால் திருநெல்வேலி. அந்நகரை அடுத்த பேட்டையில் பிறந்து, முஸ்லிம்களும் மற்றவர்களும் ஒருசேர மதித்த தலைவராக வாழ்ந்து மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் (ரஹ்) அவர்களின் வரலாறே போதுமானது.

பேட்டையில் பிறந்த பிள்ளை

அன்னார் 1896-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி பெற்றவர். அவர் பிள்ளையின் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். தாயாரே அரபு மொழியையும் திருக்குர்ஆனையும் கற்பித்து வளர்த்தார். தந்தையின் நிழலில்லாமல் வளரும் பிள்ளை இரண்டு வழிகளில் ஒன்றில் போகக்கூடும். தனக்கு யாருமில்லை என்ற குறையை மறைக்க எல்லோரிடமும் முரட்டுத்தனம் காட்டலாம். அல்லது, தனக்கு இறைவன் இருக்கிறான் என்ற நிறைவில் யாரிடமும் பணிவாக நடக்கலாம். அத்தாயாரின் வளர்ப்பு அப்பிள்ளையை இரண்டாம் வழியில் செலுத்தியது.

பேட்டையிலும் திருநெல்வேலியிலும் தொடங்கிய கல்வி, பின்னர் கல்லூரி வரை வளர்ந்தது. பி.ஏ. பட்டத் தேர்வு நெருங்கியிருந்த வேளையில், 1920-ஆம் ஆண்டு காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தார். கிலாபத் இயக்கமும் அதனுடன் கைகோத்து நின்றது. இளைஞர் இஸ்மாயீல் தேர்வைத் துறந்து வெளியேறினார். அக்காலத்தில் பி.ஏ. என்ற இரண்டெழுத்துக்கு இருந்த மதிப்பை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்போம். அரசாங்க உத்தியோகமும் ஊரார் மரியாதையும் அதைத் தொடர்ந்து வரும். அப்பட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டு வருவதற்குத் துணிவு வேண்டும். விட்டு வந்தபின் அதை எண்ணிக் குமுறாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

பின்னர் சென்னையில் ஜமால் குடும்பத்தாரின் தோல் வணிக நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்கள். உழைப்பாலும் நாணயத்தாலும் அத்துறையில் நற்பெயர் ஈட்டினார்கள். 1923-ஆம் ஆண்டு ஜமால் ஹமீதா பீ அவர்களை மணந்தார்கள். மெல்ல மெல்லப் பொதுவாழ்வு அவரை ஈர்த்தது. 1945-ஆம் ஆண்டு சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார்கள். 1946-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்து, 1952 வரை அப்பொறுப்பை வகித்தார்கள்.

இவ்விடத்தில் நம் பகுதிக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தின் பிற்பகுதியில், 1949 முதல் 1952 வரை, அவருக்கு எதிரே ஆளுங்கட்சி வரிசையில் முதலமைச்சராக வீற்றிருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள். முதலமைச்சராக இருந்துகொண்டே 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அவர் தோல்வியுற்றார். பதவி போனதும் ஒடுங்கிவிடவில்லை, ஊராரைப் பகைக்கவுமில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு அளித்தார். தம்மைத் தோற்கடித்த பகுதிக்குத் தம் வீட்டையே கொடுத்த உள்ளமும், நாம் பேச வந்த உள்ளமும் ஒரே வார்ப்பில் அமைந்தவை.

பழி சூழ்ந்த நாள்கள்

1947-ஆம் ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. லட்சக்கணக்கான உயிர்கள் மாண்டன. பிரிவினையைக் கோரிய கட்சி முஸ்லிம் லீக். காயிதே மில்லத் அவர்கள் அக்கட்சியின் மாகாணத் தலைவர். ஆகவே இந்தியாவில் தங்கிவிட்ட முஸ்லிம்கள்மீது விழுந்த சந்தேகத்தின் முழுச் சுமையும் அவரைப் போன்றவர்களின் தோள்மீது இறங்கிற்று. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்சியின் பழைய நிலைப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே.

அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்குமாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயீல் சாகிப் அவர்களும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். லியாகத் அலி கானுக்கு வாய்த்தது ஆட்சியில் இருக்கும் கட்சி. இவருக்கு வாய்த்ததோ ஆளும் அரசு விரும்பாத, சொந்த மக்களே அஞ்சி விலகிக்கொண்டிருந்த கட்சி. அன்னார் சென்னைக்குத் திரும்பினார்கள்.

1948-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கவுன்சில் கூடியது. காந்தியடிகள் கொல்லப்பட்டு ஆறு வாரங்கள்கூட முழுமையாகக் கழியாத நேரம். கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்று கருதியோர் பலர். வடமாநிலங்களில் பலர் அவ்வாறே கலைத்துவிட்டு வேறு கட்சிகளில் இணைந்தனர். கலைக்க வேண்டாம், இந்திய அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, இந்த நாட்டின் குடிமக்களாகச் சமுதாயத்தின் குரலை ஒலிக்கச் செய்வோம் என்று காயிதே மில்லத் அவர்கள் நின்றார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அன்னாரே அதன் தலைவரானார்கள்.

அந்த முடிவு சரியா, தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே கவனிக்க வேண்டியது முடிவெடுத்த மனநிலையை. அம்முடிவால் அவருக்குக் கிடைக்கக்கூடிய பதவி ஏதுமில்லை. கிடைக்கக்கூடியது ஏச்சும் ஐயமும்தான். கலைத்துவிட்டுப் போனவர்களை அவர் கோழைகள் என்று தூற்றித் திரியவில்லை. தம்மை ஐயுற்றவர்களைப் பகைவர்கள் என்று பட்டியலிடவுமில்லை. தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்தார்கள். மற்றவர் கருத்தை மற்றவருக்கு விட்டுவிட்டார்கள்.

உறுதிக்கும் அகந்தைக்கும் உரிய முதல் வேறுபாடு இங்கே தெரிகிறது. உறுதியுள்ளவருக்குத் தாம் நிற்கும் இடம் போதும். அகந்தை உள்ளவருக்கோ, எதிரில் இருப்பவர் மண்டியிட்டால்தான் மனம் ஆறும். மகன் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நிற்பது உறுதியாக இருக்கலாம். அத்தா வந்து தம் தவற்றை ஒப்புக்கொண்டால்தான் வீட்டுக்கு வருவேன் என்பது உறுதி ஆகாது.

தோல்வி காட்டிய முகம்

அன்னார் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்கள். அங்கே அவர் பேசியவை பெரும்பாலும் தோற்றவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அத்தோல்விகளில்தான் அவரை நாம் சரியாக அறிய முடிகிறது.

1948 நவம்பர் 23-ஆம் நாள் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற திருத்தத்தை அவர் முன்மொழிந்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் விவாதத்துக்குப் பதிலளித்த டாக்டர் அம்பேத்கர், அத்தகைய சட்டம் வந்தாலும் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அதைத் தொடக்கத்தில் பொருந்தச் செய்ய எதிர்கால நாடாளுமன்றத்தால் இயலும் என்பதை எடுத்துக்காட்டினார்.

1949 மே 25, 26 ஆகிய நாள்களில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடு குறித்து விவாதம் நடந்தது. சட்டமன்றங்களில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் வேண்டும் என்று காயிதே மில்லத் அவர்கள் வாதிட்டார்கள். அவையின் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். வட இந்திய முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரே எழுந்து அக்கோரிக்கை வேண்டாம் என்றனர். சர்தார் பட்டேல் கடுமையாகப் பதிலுரைத்தார். கோரிக்கை வீழ்ந்தது. தனி வாக்காளர் தொகுதி நாட்டுக்கு நன்மை பயத்திருக்குமா என்று கேட்டால், இன்று நம்மில் பலர் இல்லை என்றே சொல்லக்கூடும். அது வேறு செய்தி. சொந்தச் சமுதாயத்தவரே கைவிட்ட நிலையில், நாடறிய நடந்த அவையில் தோற்ற மனிதர் அடுத்து என்ன செய்தார் என்பதே நமக்குரிய பாடம்.

அவையைப் புறக்கணித்து அவர் ஊர் திரும்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது மீண்டும் எழுந்தார்கள். பழமையும் வளமும் அளவுகோல் என்றால் தமிழ் முன்னிற்கத் தக்கது என்று இந்தியாவின் பெருமக்கள் கூடிய சபையில் எடுத்துரைத்தார்கள். அதிலும் வெற்றி கிட்டவில்லை. செப்டம்பர் 14-ஆம் நாள் இந்தி ஆட்சிமொழியாக முடிவாயிற்று. ஆனால் மே மாதத்தில் முஸ்லிம்களுக்காகப் பேசித் தோற்றவர், செப்டம்பரில் தமிழர் அனைவருக்குமாகப் பேசினார் என்பது நிலைத்துவிட்டது. தோல்வி அவரைச் சுருக்கவில்லை. அவர் பேசும் மக்களின் எல்லையை விரித்தது.

அகந்தை உள்ளவருக்குத் தோல்வி என்பது அவமானம். ஆகவே தோற்ற இடத்துக்கு அவர் மீண்டும் வரமாட்டார். ஜமாஅத் பொதுக்குழுவில் தம் தீர்மானம் தோற்றதற்காக ஜும்ஆவுக்கு வேறு பள்ளி தேடிப் போவோரை நாம் பார்த்திருக்கிறோம். அன்று தோற்றது தீர்மானம். தாமே தோற்றுவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கருத்து தோற்றால் அடுத்த கூட்டத்தில் வேறு காரணங்களுடன் மீண்டும் பேசலாம். தன்னையே கருத்தாக எண்ணிக்கொண்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இழிவும் ஈகமும்

1952 முதல் 1958 வரை அன்னார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்கள். அக்காலத்தில் முஸ்லிம் லீகை ஒரு செத்த குதிரை என்று பிரதமர் நேரு இகழ்ந்துரைத்தது கேரள அரசியலில் பெரிதாகப் பேசப்பட்டது. 1960-ஆம் ஆண்டு கேரளத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகிய மூன்றும் சேர்ந்து நின்று வென்றன. ஆனால் வென்றபின் லீகுக்கு அமைச்சரவையில் இடம் தரக் காங்கிரஸ் மறுத்தது. சபாநாயகர் பதவியோடு நிறுத்திக்கொண்டது. கே. எம். சீதி சாகிப் அவர்கள் சபாநாயகரானார்கள். 1961-ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், அப்பதவிக்கு வந்த சி. எச். முஹம்மது கோயா அவர்கள் லீகின் உறுப்பினர் பொறுப்பைத் துறந்தால்தான் ஏற்போம் என்ற நிபந்தனையும் வந்தது. வீட்டு வேலைக்கு அழைத்துக்கொண்டு, விருந்துக்குத் திண்ணையில் அமர்த்தியதைப் போன்ற நிலை.

அவ்வுறவு முறிந்தது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் லீக் தனித்து நின்றது. காயிதே மில்லத் அவர்கள் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் நின்று மக்களவைக்குத் தேர்வானார்கள். மதிப்பில்லாத இடத்தில் தொடர்ந்து தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று பணிவு கட்டாயப்படுத்துவதில்லை என்பதற்கு இது சான்று. விலக வேண்டிய இடத்தில் அவர் விலகினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் சீனப்படை நம் எல்லைக்குள் புகுந்தது. நாடு நிலைகுலைந்திருந்தது. அப்போது காயிதே மில்லத் அவர்களுக்கு வயது அறுபத்தாறு. தம் மகனைப் படைக்கு அனுப்பித் தாய்நாட்டைக் காக்கும் பணியில் ஈடுபடுத்த ஆயத்தமாயிருப்பதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார்கள். அவருக்கு இருந்தது ஒரே மகன்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். தம் கட்சியைச் செத்தது என்று சொன்னவருக்கு, தம் கட்சியினரை அமைச்சரவை வாசலில் நிறுத்திய கட்சியின் தலைவருக்கு, இவர் ஒரே மகனைத் தர முன்வந்தார்கள். அகந்தை உள்ள மனம் என்ன எண்ணியிருக்கும்? இப்போதாவது எங்கள் அருமை தெரிகிறதா என்று கேட்கத் தோன்றியிருக்கும். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கத் தோன்றியிருக்கும். நேருவின் மீதான வருத்தம் வேறு, நாட்டுக்குத் தாம் செலுத்த வேண்டிய கடமை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் நம்மை மதிக்கவில்லை என்பதால் நாம் செய்ய வேண்டிய கடமை குறைந்துவிடாது என்ற தெளிவு இது.

நம் வீடுகளில் இதற்குப் பொருளுண்டு. மச்சானோடு பேச்சில்லாத காலத்திலும், அவர் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபவர் தன்மானம் இழந்தவராக மாட்டார். பாகத்தில் தமக்கு அநீதி நடந்தது என்று வழக்குப் பேசும் தம்பி, அண்ணன் வீட்டு ஜனாஸாவுக்கு முதல் ஆளாகத் தோள் கொடுப்பதால் அவர் வழக்கு பலவீனப்பட்டுவிடாது. உரிமையைக் கேட்பதும் உறவைப் பேணுவதும் ஒரே மனிதரால் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவை. முடியாது என்று நம்மிடம் சொல்வது அகந்தைதான்.

பங்கு கிடைத்த இடமும் கிடைக்காத இடமும்

1967-ஆம் ஆண்டுத் தேர்தல் அன்னாரின் பண்பை வேறொரு கோணத்தில் காட்டியது. அவ்வாண்டு தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க., ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஆகியவற்றோடு லீக் அணி சேர்ந்து நின்றது. கேரளத்திலோ கம்யூனிஸ்டுகள் உள்ளிட்ட கட்சிகளோடு நின்றது. இரண்டு மாநிலங்களிலும் அணிகள் வென்றன. கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் லீகுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன, சி. எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். தமிழகத்தில் அண்ணா அமைத்த அமைச்சரவை தி.மு.க.வினரை மட்டுமே கொண்டிருந்தது.

ஒரே ஆண்டில் ஓரிடத்தில் பங்கும் ஓரிடத்தில் பங்கின்மையும் வந்தன. சொந்த மாநிலத்திலேயே பங்கில்லை. ஆயினும் அண்ணாவோடு கொண்ட நட்பு கெடவில்லை, அணியும் உடையவில்லை. 1959-இல் கேரளத்துக் கம்யூனிஸ்டு ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் நின்ற லீக், 1967-இல் அதே கம்யூனிஸ்டுகளோடு ஆட்சியில் அமர்ந்ததைச் சந்தர்ப்பவாதம் என்று சாடியவர்கள் உண்டு. அக்குறையை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அரசியலில் ஆதாயக் கணக்கு இல்லாத கட்சி எது? ஆனால் நேற்று எதிர்த்தவர் என்பதற்காக இன்று ஒருவரோடு சேர மறுப்பதைக் கொள்கை உறுதி என்று எப்போதும் சொல்ல முடியாது. பல நேரங்களில் அது பழைய புண்ணைப் பாதுகாக்கும் பிடிவாதமாகவே இருக்கும். லீகின் கோரிக்கைகள் மாறவில்லை. யாரோடு சேர்ந்து அவற்றைப் பெறலாம் என்பது மட்டும் மாறியது. 1969-ஆம் ஆண்டு ஜூனில் மலப்புறம் மாவட்டம் அமைந்தது அந்த ஆட்சிக் காலத்தில்தான்.

மஞ்சேரி மக்களுக்கும் அவருக்குமிருந்த உறவும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர்கள் பேசுவது மலையாளம். இவரோ திருநெல்வேலித் தமிழர். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அம்மக்கள் இவரையே மக்களவைக்கு அனுப்பினார்கள். கேரள லீகின் தலைமை சையித் அப்துர் ரஹ்மான் பாபகி தங்கள் அவர்களிடம் இருந்தது. மலபார் முஸ்லிம்களிடையே தங்கள் அவர்களுக்கிருந்த செல்வாக்கு மிகப் பெரிது. அவர் அகில இந்தியத் தலைவராக இவரை ஏற்றார். இவர் கேரளத்தில் அவர் தலைமையை மதித்தார்கள். வலிமையுள்ள இருவர் ஓர் அமைப்பில் இருந்தும் இறுதிவரை அமைப்பு உடையாமல் இருந்தது. காயிதே மில்லத் 1972-இலும் பாபகி தங்கள் 1973-இலும் மறைந்தார்கள். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, 1970-களின் நடுப்பகுதியில், கேரள லீக் இரண்டாகப் பிளந்தது. மீண்டும் ஒன்றுசேர 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஒன்றை உணரலாம். ஓர் அமைப்போ குடும்பமோ ஒற்றுமையாக இருக்கும்போது அதற்குக் காரணமானவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. எங்கோ ஒருவர் தம் முறை வரும்போதெல்லாம் அமைதியாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் போனபின்தான் வீடு இரண்டாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் அவர் ஒரு தாயாகவோ, மூத்த மருமகளாகவோ இருப்பார். அவருடைய விட்டுக்கொடுத்தலைப் பலவீனம் என்று எண்ணியவர்கள் பின்னர் அதன் வலிமையை அறிவார்கள்.

கண்ணியம் என்ற அடைமொழி

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் சென்னையில் அன்னார் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். சென்னை அண்ணா சாலையில் பெண்களுக்கான அரசு கலைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூற்றாண்டாகிய 1996-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

காயிதே மில்லத் என்றால் சமுதாயத்தின் தலைவர் என்று பொருள். அப்பெயருக்கு முன்னால் தமிழ் முஸ்லிம்கள் கண்ணியமிகு என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுவது வழக்கம். வீரமிகு, செல்வமிகு என்றெல்லாம் எழுதாமல் இச்சொல்லைத் தேர்ந்தது பொருத்தமே. பிறரைத் தாழ்த்தாமல் தன்னைக் காத்துக்கொள்பவருக்கே கண்ணியம் உரியது.

பெருமை என்றால் என்ன என்பதை நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையில் சேராது. உண்மையை ஏற்க மறுப்பதும், மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை. ஆகவே நம்மை நாமே சோதித்துக்கொள்ள இரண்டு கேள்விகள் போதும். எதிரில் இருப்பவர் சொல்வது உண்மை என்று உள்ளம் சொல்லும்போது, அவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக நான் மறுக்கிறேனா? நான் உறுதியாக நிற்பதற்கு, அவரை என் மனத்தில் சிறுமைப்படுத்த வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால், நாம் நிற்கும் இடம் உறுதியின் இடம். ஆம் என்றால் நாம் கொள்கையின் பெயரால் நம் நஃப்ஸுக்குக் காவல் நிற்கிறோம்.

உண்மையான தன்னம்பிக்கையின் வேர் தவக்குல். அல்லாஹ்வின்மீது பொறுப்பைச் சாட்டும் மனம். அவனிடம் தம் மதிப்பை ஒப்படைத்தவருக்கு, சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் அமர்த்தாததால் மதிப்பு குறைவதில்லை. அகந்தையோ மனிதர்களின் பார்வையில் உயிர் வாழ்வது. பார்வை சற்று விலகினாலும் பதறிவிடும்.

தந்தையை இழந்த பேட்டைச் சிறுவர், பட்டத்தைத் துறந்த மாணவர், அவையில் தோற்ற உறுப்பினர், இகழப்பட்ட கட்சியின் தலைவர், ஒரே மகனை நாட்டுக்குத் தர முன்வந்த தந்தை என்று அன்னாரின் வாழ்வை அடுக்கிப் பார்த்தால், ஒரே இயல்பு தொடர்ந்து வருகிறது. சமுதாயத்துக்கு உரியது என்று கருதியதில் அவர் இறுதிவரை தளரவில்லை. தமக்கு உரியது என்பதில் எப்போதும் தளர்ந்து கொடுத்தார்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மஹ்ர், பாகம், மார்க்க வரம்பு ஆகிய உறுதி காட்ட வேண்டிய இடங்களில் எளிதாக நெகிழ்ந்துவிடுகிறோம். அழைப்பு, ஆசனம், முதல் ஸலாம் யார் சொல்வது என்பவற்றில் இறுகிவிடுகிறோம்.

இவ்வாண்டறிக்கையைப் படித்து முடிக்கும் ஒவ்வொருவரும் பேச்சற்றுப் போன ஓர் உறவை நினைவுக்குக் கொண்டுவருவோம். நம் உரிமை ஏதேனும் அதில் இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. நியாயமாகக் கேட்போம், ஜமாஅத்தும் துணை நிற்கும். அந்த உரிமைக்கும் நம் வாசல் மூடியிருப்பதற்கும் தொடர்பில்லை என்றால், வரும் ஜும்ஆவில் தொழுகை முடிந்து வெளியே வரும்போது நாமே முந்திக்கொண்டு ஸலாம் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் இல்லங்களிலும் ஜமாஅத்திலும் உறுதியையும் பணிவையும் ஒருங்கே தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.